பதினேழு எட்டு

செங்கரைப்பேட்டை நகராட்சியின் பதினோராவது வார்டில், எங்கள் உப்புக்காரத் தெருவில், மூன்று ஆண்டுகளாக நூற்று முப்பத்தைந்துக்கு அடுத்த எண் நூற்று முப்பத்தேழாக இருந்தது. மைமூன் வீட்டுக் கதவில் நகராட்சிக்காரர்கள் நீலச் சாயத்தில் எழுதிவிட்டுப் போன எண்ணை அவளே சுண்ணாம்பு தடவி அழித்துவிட்டாள். அந்த வீட்டுக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் "நூத்தி முப்பத்தஞ்சுக்கு அடுத்த வீடு" என்று குரல் கொடுப்பார். ரேஷன் கடையில் அந்த எண்ணுள்ள டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தருவார்கள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா யாருக்காவது இரத்த அழுத்தம் சரியாக அங்கே வந்து நின்றால் ஒன்றைக் குறைத்து எழுதிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, உப்பை மட்டும் குறைங்க" என்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எதிர்ப்பக்கத்தோடு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிடுவார்கள், அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்த நதிகளும் அவர்களுக்குத் தெரியாமல் போயின. இதையெல்லாம் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. தெருவில் ஒரு வீட்டில் பிணம் கிடக்கும்போது மற்ற வீடுகளில் அடுப்பு மூட்டக்கூடாதென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கிறதா, அப்படித்தான்.

தெருவின் நடுவில், தையல்கார அஞ்சுகத்தின் வாசலுக்கு நேரே, பாதாளச் சாக்கடையின் குழி ஒன்று திறந்து கிடந்தது. ஓர் ஆடி மாதம் மணல் லாரி ஏறி அதன் மூடி உடைந்தது. அஞ்சுகம் அன்றைக்கே நகராட்சிக்கு மனு எழுதினாள். "பிள்ளைகள் நடமாடும் தெரு, தயவுசெய்து மூடி போட்டுத் தரவும்" என்று அவள் எழுதியதன் கீழே நாங்கள் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம், போட்டதோடு எங்கள் வேலை முடிந்ததென்று அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம். அஞ்சுகம் ஒரு வேப்பங்கொம்பை ஒடித்துக் குழியில் நட்டு, அதன் நுனியில் சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு கீற்றைக் கட்டிவைத்தாள். மாதக் கடைசியில் பதில் வந்தது: "மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு மூடி பொருத்தப்பட்டது. மனு முடிக்கப்பட்டது." வாசலில் நின்றுகொண்டு, எதிரே வாயைத் திறந்து கிடக்கும் குழியைப் பார்த்தபடியே அவள் அதைப் படித்தாள். வேறு ஏதோ தெருவுக்குப் போட்டிருப்பார்கள், நம்முடையதும் வரும் என்று மடித்து வைத்தாள்.

ஐப்பசியில் மழை வந்தது. ஒரு மாலை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, அஞ்சுகத்தின் மகள் சங்கவி, ஐந்தாம் வகுப்பு, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் ஒரு கல்யாணப் பெண்ணின் மயில்கழுத்து நிற ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பதினேழு எட்டு எவ்வளவும்மா?"

"நூல் தீந்துபோச்சுடி. ஓடிப்போய் இதே கலர்ல ஒரு கண்டு வாங்கிட்டு வா."

"முதல்ல சொல்லு."

"வழியில யோசிச்சுக்கிட்டே போ. அப்பவும் வரலேன்னா, வந்ததும் சொல்றேன்."

"வந்ததும் சொல்லணும்."

"சொல்றேண்டி, ஓடு. கடையை அடைச்சுடப் போறான்."

நிறம் பார்த்து வாங்குவதற்காக ரவிக்கைத் துணியில் ஒரு துண்டை வெட்டி மகளின் கையில் கொடுத்தாள். சங்கவி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். திண்ணையிலும் படியிலும் நின்று மழை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் அவள் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. பதினேழு ஆறு நூத்தி ரெண்டு, பதினேழு ஏழு நூத்திப் பத்தொம்பது, பதினேழு எட்டு. அதற்குப் பிறகு மழையின் சத்தம் மட்டும் கேட்டது. வேப்பங்கொம்பை வெள்ளம் எப்போது அடித்துக்கொண்டு போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கவனித்துக்கொள்ள வேண்டியது இன்னாரென்று நாங்கள் யாரையும் வைத்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஊர்க்கோடியிலுள்ள கழிவுநீரேற்று நிலையத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள். மூடிய கைக்குள் மயில்கழுத்துத் துணி இருந்தது.

ஒன்பதாம் நாள் அஞ்சுகம் ஒரு மனு எழுதினாள். உள்ளாட்சி அலுவலகங்கள் மீதான குறைகளை விசாரிப்பதற்கென்று அரசாங்கம் ஒரு நடுவரை வைத்திருக்கிறதென்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நடுவருக்கு எழுதினாள். நான்கே வரி. நகராட்சியின் பதில் கடிதத்தையும் வைத்து ஒட்டி, அழாமல், தபால் நிலையத்துக்குத் தானே நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அப்போது நடுவரின் நாற்காலியில் யாரும் இல்லை. புது நடுவரை அரசாங்கம் நியமிக்க மூன்று ஆண்டுகள் ஆயிற்று.

பதினாறாம் நாள், காரியம் முடிந்து உறவுக்காரர்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்த வேளையில், மாலை நாலு நாற்பதுக்கு, குழிக்குள்ளிருந்து சங்கவி வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினாள்.

பதினேழு ஒண்ணு பதினேழு என்று தொடங்கி, ரெண்டு முப்பத்திநாலு, மூணு அம்பத்தொண்ணு என்று படிப்படியாக ஏறி, ஏழு நூத்திப் பத்தொம்பது வரை தடையில்லாமல் வந்து, பதினேழு எட்டு என்று சொல்லி நின்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாள், பதினேழு எட்டு. மூன்றாம் முறை அது கேள்வியாக இருந்தது. பிறகு பேச்சில்லை, மறுநாள் நாலு நாற்பது வரை.

நாங்கள் பயப்படவில்லை. "பிள்ளை படிக்குது" என்று டீக்கடைப் பக்கிரி சொன்னார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு மிக்சிகள் நின்றன, ஆட்டோக்காரர்கள் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு கடந்தார்கள், பால்காரர் மணியைப் பொத்திக்கொண்டார், கல்யாண ஊர்வலங்களின் மேளம் எங்கள் தெரு வந்ததும் வெறும் நடையாயிற்று, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி அந்தப் பத்து நிமிடமும் மூச்சுவிடாமல் இருந்தது, குழந்தைகள் அழுதால் தாய்மார் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழியைச் சுற்றி நாங்களே முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் வளையம் கட்டினோம். நாற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளியூரிலிருந்து திக்குவாய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கேட்க வைத்தார்கள். ஒருநாள் யாரோ வளையத்தின் மேல் வாழைப்பழமும் ஊதுபத்தியும் வைத்திருந்தார்கள். அஞ்சுகம் வந்து அதையெல்லாம் வாரித் தெருவில் எறிந்தாள்.

"எம்பொண்ணு சாமியில்ல. அஞ்சாங்கிளாஸ்."

சங்கவியின் அப்பா செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்த ஊரிலிருந்து காரியத்துக்கு வந்திருந்தார். ஒரு மாலை கேட்டார், இரண்டாம் மாலை கேட்டார், மூன்றாம் மாலை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நாலு முப்பத்தெட்டுக்கு அங்கிருந்து ஃபோன் செய்வார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அஞ்சுகம் ஃபோனை வளையத்தின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

விடையை யாரும் சொல்லக்கூடாது என்பது முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. வாய்ப்பாட்டைப் படித்துவரச் சொன்ன டீச்சர், கிருபாவதி, கண்ணீரோடு வந்து குழியருகில் மண்டியிட்டு வாயைத் திறந்தபோது அஞ்சுகம் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லிடாதீங்க டீச்சர். தெரிஞ்சுபோச்சுன்னா வரமாட்டா." அன்றிலிருந்துதான் எங்கள் தெருவில் ஓர் எண் இல்லாமல் போனது. தவறிப்போய் வாயிலிருந்து விழுந்துவிட்டால் குழிக்குள் கேட்டுவிடும் என்று பயந்தோம். எங்களுக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது. அந்தக் குழந்தை தினமும் படித்துக்கொண்டிருக்கும்வரை, அன்றைக்குப் படியில் நின்று மழை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்ததாக ஆகாது அல்லவா.

இப்படி மூன்று ஐப்பசிகள் போயின. அதற்குப் பிறகு அஞ்சுகத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அவள் மனு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது, நடுவர் நேரில் வருகிறார்.

புது நடுவரின் பெயர் அம்பலவாணன். நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், முட்டிவலிக்காரர், போகுமிடமெல்லாம் மடக்கு நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு போவார். இருப்பதில் பழைய மனுவைத்தான் முதலில் எடுப்பார். விசாரணையை அலுவலகத்தில் வைக்கமாட்டார், குறை எங்கே இருக்கிறதோ அங்கே வைப்பார். மனுதாரர் ஒரு தரப்பு, அலுவலகம் ஒரு தரப்பு என்றால் இடம் மூன்றாம் தரப்பு என்பது அவருடைய வழக்கம்; உடைந்த பாலமோ வறண்ட குழாயோ, அதன் முன்னால் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார், அவருடைய எழுத்தர் அம்மாள் "இடத்தின் வாக்குமூலம்" என்று தலைப்புப் போட்டுக் காத்திருப்பாள். கடைசியில் உத்தரவை வாசித்துக் காட்டி, மனுதாரர் தன் வாயால் சரி என்று சொன்னால்தான் மனுவை முடிப்பார். சொல்லாவிட்டால் மறுபடியும் வருவார்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக நாங்கள் அஞ்சுகத்தின் வாசலுக்குப் போனோம். "வாபஸ் வாங்கிடு அஞ்சுகம்" என்றோம். அவளுக்கும் அதே எண்ணம்தான். அவளே எறிந்த கல் மூன்று ஆண்டு வானத்தில் சுற்றிவிட்டு இப்போது அவள் மடியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

விசாரணைக்குப் பக்கிரியின் டீக்கடை பெஞ்சுகளைக் கொண்டுவந்து தெருவில் போட்டோம். நகராட்சியின் தரப்பில் உதவிப் பொறியாளர் சற்குணம் ஒரு தடித்த பதிவேட்டைக் கையில் அணைத்தபடி வந்தார்.

"ஐயா, பதிவேட்டுப்படி அந்த இடத்துல மூடி இருக்குங்க. போட்ட தேதி இருக்கு. இருக்கற மூடிக்கு மேல இன்னொரு மூடி போட என்னால எழுத முடியாதுங்க."

"அப்ப அந்தப் பதிவேட்டையே தூக்கிக் குழி மேல வைங்க சார்," என்றார் பக்கிரி. "தடியாத்தானே இருக்கு."

சிலர் சிரித்தார்கள். அம்பலவாணன் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா" என்று அஞ்சுகத்தைப் பார்த்தார்.

"நான் மனுவைத் திரும்ப வாங்கிக்கறேங்கய்யா."

சற்குணத்தின் தோள்கள் இறங்கின. எங்கள் தோள்களும்தான்.

"ஏம்மா? எழுதும்போது குறை இருந்துச்சு. இப்ப இல்லையா?"

"இருக்குங்கய்யா." அவள் குழியின் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "இருக்கட்டும்."

 அவர் வாபஸ் படிவத்தை எடுத்துக் கொடுத்தார், கையெழுத்துப் போடும் இடத்தையும் காட்டினார். "இது உங்க உரிமை. ஆனா மூணாவது தரப்பை இன்னும் கேக்கலையே. கேட்டுட்டு வாங்கிக்கறேன்." மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வளையத்தின் அருகில் விரித்து உட்கார்ந்தார். எழுத்தர் அம்மாள் தலைப்பு எழுதினாள். தெரு அடங்கியது.

நாலு நாற்பதுக்குச் சங்கவி தொடங்கினாள். அம்பலவாணன் ஆச்சரியப்படவில்லை; கேட்பதற்காகத்தானே வந்திருந்தார். தலையைச் சாய்த்து, வகுப்பில் ஒப்பிக்கும் பிள்ளையைக் கேட்பதுபோல ஒவ்வொரு வரிக்கும் லேசாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். பதினேழு எட்டு என்று குரல் நின்றது. மறுபடி நின்றது. மூன்றாம் முறை கேள்வியாக வந்தபோது, ஒரு குழந்தை கேட்டால் சொல்லிவிடும் எந்த மனிதரையும்போல அவர் உதடுகள் பிரிந்தன.

"நூத்தி…"

அஞ்சுகம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாங்கய்யா."

குழிக்குள் அமைதி. அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதுவரைக்கும் யாருமே சொல்லலையா?"

"இல்லீங்க."

"மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கா."

அவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

"யாரைம்மா கேக்கறா?"

அஞ்சுகம் அவர் கையை விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். அம்பலவாணன் எழுத்தரிடம் ஒரு வரி சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள்: "இடத்தின் வாக்குமூலம்: ஒரு கேள்வி நிலுவையில் உள்ளது." அஞ்சுகம் கையோடு கொண்டுபோன படிவம் கையெழுத்தில்லாமல் மிஷின் மேல் கிடந்தது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. அஞ்சுகம் மதியமே படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தாள். அவளுடைய மிஷினுக்குப் பின்னால் சுவரில், மூன்று ஆண்டாக, ஒரு கை வைத்த மயில்கழுத்து ரவிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கல்யாணப் பெண் வேறு ரவிக்கையில் தாலி கட்டிக்கொண்டு, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒருநாளும் வந்து கேட்டதில்லை.

நாலரைக்கு, நேரமாகிவிட்டதே என்று ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், செங்கல் வளையத்தின் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மைமூனின் மகள் ஷிஃபா, ஆறு வயது. ஒரு கால் வெளியே. ஒரு கால் உள்ளே தொங்கியது. கைகளால் ஈரச் செங்கலைப் பிடித்துக்கொண்டு, படித்துறையில் இறங்குகிறவர்கள் காலால் அடுத்த படியைத் துழாவுவதுபோல உள்ளே துழாவிக்கொண்டிருந்தாள்.

ஓடினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள் என்று அஞ்சுகம் ஓடவில்லை. தண்ணீரில் மெல்ல நடந்தாள்.

"எங்கே கண்ணு போற?"

"கீழ."

"கீழ எதுக்கு?"

"அக்காவுக்குத் தெரியலையாம். யாருமே சொல்லித் தரமாட்டேங்கறாங்க அத்தை." ஷிஃபா அவளைத் திரும்பிப் பார்த்தாள், முகத்தில் மழை வழிந்தது. "எனக்கும் தெரியாது. கீழ போய் ரெண்டு பேரும் சேந்து யோசிக்கறோம்."

அஞ்சுகம் குழந்தையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். ஒரு செருப்பு கழன்று உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்க நேரமாயிற்று. அதற்குள் மைமூன் வாசலுக்கு வந்துவிட்டாள். மகளின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், அஞ்சுகத்தின் கையிலிருந்த ஃபோனையும் பார்த்தாள். கத்துவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"உம்பொண்ணு குரலைக் கேக்க வச்சுத்தான் அஞ்சுகம் இவளுக்குச் சோறு ஊட்டினேன்," என்றாள் மைமூன். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். முதல்முறையாக அந்த வீட்டின் கதவு நாலு நாற்பதுக்குச் சாத்தப்பட்டது.

அம்பலவாணன் குடை பிடித்துக்கொண்டு வந்தபோது அஞ்சுகம் வளையத்தின் அருகில் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாள். வாய்ப்பாடு முடிந்திருந்தது. பிளாஸ்டிக் பை கிழிந்து, கையெழுத்துப் போட்ட படிவம் நாலு துண்டாக வெள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது.

"முதல் மனுவையே நடத்துங்கய்யா," என்றாள். "மூடிடுங்க."

அவர் நாற்காலியை விரித்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், குடையை அவள் பக்கம் சாய்த்தார்.

"நீங்க நேத்து கேட்டீங்களே. என்னைத்தாங்கய்யா கேக்கறா. போறப்ப கேட்டா. நூல் வாங்கிட்டு வா, வந்ததும் சொல்றேன்னு அனுப்பினேன். வந்துட்டா. பதினாறாம் நாளே வந்துட்டா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான்தான் இன்னும் வரலேன்னு வச்சுக்கிட்டேன்."

நடுவரின் உத்தரவு இரண்டு பகுதியாக இருந்தது. முதல் பகுதிக்கு மூடி எதுவும் தேவைப்படவில்லை. பதிவேட்டில் மூடியிருக்கும் குழியை மூட முடியாது, ஆகவே பதிவேட்டில் முதலில் குழியைத் திறக்கவேண்டும் என்றார் அவர். மறுநாள் சற்குணம் எங்கள் தெரு பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று ஆண்டுக்கு முன் தாமே எழுதிய "மூடி பொருத்தப்பட்டது" என்ற வரியை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிதாக எழுதினார், எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதவேண்டும் என்பது உத்தரவு. "அன்று குழி திறந்திருந்தது," என்று எழுதினார். "அதில்…" என்று நிறுத்தினார்.

"பேரை எழுதுங்க," என்றார் அம்பலவாணன்.

"அதில் சங்கவி விழுந்தாள்." பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார் சற்குணம். "மாசக் கடைசிங்கம்மா," என்றார் அஞ்சுகத்திடம். "நிலுவை இத்தனைதான் இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. மறுநாளே போட்டுடலாம்னு நினைச்சுத்தான்… இந்தத் தெரு வழியா நான் இந்த நேரத்துக்கு வந்ததே இல்லம்மா." அஞ்சுகம் தலையசைத்தாள். மன்னித்தாளா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்களும் அந்தத் தலையசைப்பு எங்களுக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டுக்கொள்ளும் தைரியமில்லாமல் நின்றோம்.

இரண்டாம் பகுதியின்படி எட்டாம் நாள் மூடி வந்தது. கறுத்த வார்ப்பிரும்பு, நாலு பேர் தூக்கினார்கள். வேலையாட்கள் செங்கல் வளையத்தை உடைத்துவிட்டு, நாலு நாற்பது ஆகட்டும் என்று யாரும் சொல்லாமலே மூடியின் விளிம்பில் கை வைத்துக் காத்திருந்தார்கள். தெரு முழுக்க நின்றது. கிருபாவதி டீச்சர் வந்திருந்தாள். மைமூன் ஷிஃபாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அஞ்சுகம் குழியின் ஓரத்தில் ஃபோனை வைத்தாள், ஆனால் இன்றைக்குத் தள்ளிப் போகாமல் அதன் பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள், முகம் குழிக்கு நேராக.

பதினேழு ஒண்ணு பதினேழு.

நாங்கள் ஒவ்வொரு வரியையும் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தோம். ரெண்டு முப்பத்திநாலு. மூணு அம்பத்தொண்ணு. அது எங்களை மீறிப் போய்க்கொண்டே இருந்தது, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. பதினேழு எட்டு. பதினேழு எட்டு. பதினேழு எட்டு?

"வந்துட்டியாடி," என்றாள் அஞ்சுகம்.

அதற்குப் பிறகு அவள் குழிக்குள் மெல்லச் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. குழிக்குள் இருந்தவளுக்குக் கேட்டது. ஒரு மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம், அட, இவ்வளவுதானா என்று பிள்ளைகள் இழுப்பார்களே, அந்த மூச்சு. பிறகு குரல் ஓடத் தொடங்கியது. பதினேழு ஒம்பது நூத்தி அம்பத்திமூணு, பதினேழு பத்து நூத்தி எழுபது, முடித்துவிட்டு விளையாடப் போகிற அவசரத்தில் கடைசி எண்ணைப் பாதி விழுங்கிக்கொண்டு, முடித்தது.

வெகுநேரம் கழித்து ஃபோன் தானாக அணைந்தது. எங்கோ ஒரு சூளையருகில் ஒரு மனிதர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். நாலு பேர் மூடியைத் தூக்கிப் பொருத்தினார்கள். அது உட்கார்ந்த சத்தத்தை வீடுகளின் சுவர்கள் வாங்கிக்கொண்டன.

அம்பலவாணன் உத்தரவை வாசித்தார். வாசித்து முடித்து, "சரியாம்மா?" என்றார்.

அஞ்சுகத்தின் சேலை முழுக்கச் சேறு. "கடைசி வரியை இன்னொரு தடவை படிங்கய்யா."

"மூடி பொருத்தப்பட்டது. மனு முடிக்கப்பட்டது."

"முதல்லயும் இதையேதான் எழுதி அனுப்பினாங்க. அப்ப அது பொய்."

"இப்ப நிஜம்மா."

"ஆமாங்கய்யா," என்றாள். "பொய்யாவே இருந்திருக்கலாம்." அவர் காத்திருந்தார். சொல்லாவிட்டால் மறுபடி வருவார் என்பது அவளுக்குத் தெரியும். மறுபடி மறுபடி வந்து இந்தத் தெருவில் உட்காரக்கூடியவர்தான் என்பதும் தெரியும். "சரி," என்றாள். எழுத்தர் அம்மாள் அதை எழுதினாள். மடக்கு நாற்காலியை மடக்க அன்றைக்கு அவரால் முடியவில்லை. பக்கிரிதான் மடக்கிக் கொடுத்தார்.

அதன் பிறகும் கொஞ்ச நாள் நாலு நாற்பதுக்கு மிக்சிகள் நின்றன, ஆட்டோக்கள் தள்ளப்பட்டன. ஒரு நாள் எங்கோ ஒரு வீட்டில் மறதியாகச் சட்னி அரைத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் நாங்கள் எல்லோரும் வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், பிறகு உள்ளே போய்விட்டோம்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு மாலை, அஞ்சுகம் கடைக்குத் தானே நடந்துபோய் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூல்கண்டு வாங்கிவந்தாள். சுவரிலிருந்து ரவிக்கையை எடுத்தாள். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, நூல் பொருந்தவில்லை, அதனாலென்ன என்று இரண்டாவது கையை வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். வெளியே பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஷிஃபாதான் கண்ணைப் பொத்திக்கொண்டு மூடியின் மேல் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது வரை எண்ணவேண்டும்.

"நூத்தி முப்பத்திநாலு, நூத்தி முப்பத்தஞ்சு, நூத்தி முப்பத்தேழு…"

"ஷிஃபா," என்று உள்ளிருந்து கூப்பிட்டாள் அஞ்சுகம். "நடுவுல ஒண்ணை விட்டுட்ட."

"இல்லியே அத்தை. எல்லாரும் அப்படித்தான் எண்ணுவாங்க."

"இருக்குடி ஒண்ணு. இங்க வா, சொல்றேன்."

கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, இரண்டு காலிலும் செருப்போடு ஷிஃபா ஓடிவந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டேன். சொல்லு."

அஞ்சுகத்தின் கால் மிதியிலேயே நின்றது. ஊசி துணிக்குள் இறங்கிய இடத்தில் இருந்தது. பக்கத்து வீடுகளில் நாங்கள் அவரவர் செய்துகொண்டிருந்ததை நிறுத்தினோம், யாரும் யாரையும் அடக்கவில்லை. அவள் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நூத்தி முப்பத்தாறு."